நோட்டீஸில் லோத்தல், போனது பூம்புகார்: காரைக்குடி வேன் டூர் பற்றி

காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். தலைக்கு 2,400 ரூபாய். காலை டிபன், மத்தியானச் சாப்பாடு, இரண்டு வேளை காபி, கூடவே வந்து விளக்கம் சொல்ல ஒரு ஆள், எல்லாம் அதற்குள் அடக்கம். டிக்கெட் வாங்க வேண்டிய இடத்தில் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும், அது பெரிய தொகை இல்லை. காரைக்குடியில் விடிகாலை நாலு மணிக்கு ஏறினால் பூம்புகாரைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குள் வீடு என்று சொன்னார்கள். நாங்கள் வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி 12.40.

நடத்துகிறவர்கள் பேரைப் போடவில்லை. இரண்டு வேன் வைத்துக்கொண்டு ஓட்டுகிற சின்ன ஆட்கள், குறையை அவர்களுக்கே போன் போட்டுச் சொல்லியாயிற்று, காது கொடுத்துக் கேட்டார்கள். நம் பக்கத்திலிருந்து பூம்புகாருக்கு யார் வேன் விட்டாலும் என்னென்ன கேட்டுக்கொண்டு ஏற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு இந்த டூரில் ஆசை வந்ததற்குக் காரணம் எங்கள் அப்பத்தா. 81 வயது. நகரத்தார் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லிவருவது உங்களுக்கும் தெரிந்திருக்கும்: நாம் காவிரிப்பூம்பட்டினத்துக்காரர்கள் (அதுதான் இன்றைய பூம்புகார்), சோழ ராஜாவோடு மனக்கசப்பு, அதனால் ஊரைவிட்டுக் கிளம்பிப் பாண்டிய நாட்டுக்கு வந்தோம், இளையாத்தங்குடியில் தொடங்கி ஒன்பது கோயில், இத்யாதி. கல்யாண வீட்டில் யாராவது ஒரு பெரியவர் இதை ஆரம்பித்துவிட்டால் முடிய ஒரு மணி நேரமாகும். இவ்வளவு சொல்கிறோமே, அந்த ஊரை நேரில் பார்த்தவர் எத்தனை பேர்? அப்பத்தா பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸில் 'நம் முன்னோர் கப்பல் ஏறிய துறைமுகம், அகழாய்வில் கிடைத்த 2,300 ஆண்டுப் பழமையான படகுத்துறை' என்று போட்டு, கீழே அகலமான செங்கல் குளம் மாதிரி ஒரு போட்டோவும் இருந்ததா, அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இம்புட்டுப் பெருசாவா கட்டியிருக்காக, போயிட்டு வந்துருவோம்" என்றுவிட்டார்.

அந்த போட்டோ பூம்புகாரே இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் கோபம் விடிகாலையிலேயே. நாங்கள் கோட்டையூர். வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள், முந்தின நாள் ராத்திரி போன் போட்டு, எல்லோரும் காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள், வேன் அங்கிருந்துதான் புறப்படும் என்றார்கள். சரி என்று மூன்று மணிக்கு எழுந்து, ஆட்டோ பிடித்து, 81 வயது மனுஷியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் ஏற்றினால், வேன் கிளம்பி நேராகத் திருமயம் ரோட்டைப் பிடித்து எங்கள் ஊர் வழியாகவே போகிறது. எங்கள் தெரு முனையைத் தாண்டும்போது அப்பத்தா கையைக் காட்டி, "அந்தா நம்ம வீட்டு விளக்கு எரியுது பாரு" என்றார். டிரைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. புதுக்கோட்டை தாண்டி ஒரு இடத்தில் நிறுத்தி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த வெள்ளைப் பணியாரமும் இட்லியும் வரமிளகாய்த் துவையலும் கொடுத்தார்கள், ஆறிப்போயிருந்தாலும் நன்றாக இருந்தது. மத்தியானம் புளியோதரை, தயிர்சோறு, மாவடு. வேனில் ஏசி வேலை செய்தது, சீட்டுதான் கொஞ்சம் நெருக்கம். ஒரு பக்கம் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், தஞ்சாவூர் கும்பகோணம் மயிலாடுதுறை வழி. முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரே நாளில் போய்த் திரும்புவதை யோசித்துச் செய்யுங்கள். வயதான பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்பது டிரைவருக்கே தெரியவில்லை, இரண்டு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருந்தது.

இனி பூம்புகார். ஒன்பதரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்றைய பொழுது எப்படிக் கழிந்தது என்று வேனில் உட்கார்ந்தே குறித்துவைத்தேன். சிலப்பதிகாரக் கலைக்கூடம் ஒரு மணி இருபது நிமிஷம். கடற்கரையும் சங்கு, சோழி விற்கிற கடைகளும் ஒன்றே முக்கால் மணி நேரம். சாப்பாடு ஒரு மணி நேரம். கடலடி ஆய்வுப் பொருள்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகம் அரை மணி. புத்த விகாரை இருபது நிமிஷம். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த படகுத்துறை, அதுவும் இருபதே நிமிஷம். வானகிரியில் உள்ள பழைய செங்கல் நீர்த்தேக்கம், தண்ணீர் உள்ளே வருவதற்குக் கால்வாயோடு கட்டியது, அதுவும் நோட்டீஸில் இருந்தது. 'நேரமில்லை' என்று விட்டுவிட்டார்கள். சோழி வாங்க நேரம் இருந்தது.

கலைக்கூடத்தைக் குறை சொல்லவில்லை. 1973ல் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது கட்டியது, ஏழு நிலை மாடம், கண்ணகி கதை முழுக்கச் சிற்பமாக இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அது நம் காலத்துக் கட்டடம். பழைய பட்டினம் மண்ணுக்குள் இருந்து வெளியே வந்த இடம் கீழையூர், படகுத்துறை இருப்பதும் அங்கேதான். டூரின் பெயரே 'துறைமுகத் தரிசனம்', துறைக்கு மட்டும் இருபது நிமிஷம் என்றால் என்ன கணக்கு?

அந்த இருபது நிமிஷத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் 2,400 ரூபாயில் 2,000 அதற்கே தகும்.

வேனை நிறுத்தி இறங்கி நடந்தால் ஒரு வேலி, புல், தரையோடு தரையாகச் செங்கல் வரிசை. அவ்வளவுதான். எங்களோடு வந்த ஒரு தேவகோட்டைக் குடும்பம் வேனுக்குத் திரும்பிவிட்டது. அப்பத்தா என்னைப் பார்த்து, "இதுக்கா இம்புட்டுத் தூரம்?" என்றார். நான் நோட்டீஸை எடுத்து, இந்தப் பெரிய செங்கல் தொட்டி எங்கே என்று அந்த விளக்கம் சொல்கிற சாரிடம் கேட்டேன். ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார் அவர், மயிலாடுதுறைப் பக்கம். போனை வாங்கிப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டார். "இது லோத்தல் சார். குஜராத்."

குஜராத்! 1955லிருந்து எஸ்.ஆர். ராவ் தலைமையில் தோண்டி எடுத்த, 200 மீட்டருக்கு மேல் நீளமும் 35 மீட்டருக்கு மேல் அகலமும் உள்ள செங்கல் தொட்டி, சிந்துவெளிக் காலத்தது, பூம்புகார்ப் படகுத்துறையைவிடச் சுமார் இரண்டாயிரம் வருஷம் மூத்தது. அது கப்பல் நிறுத்திய துறையா, குடிதண்ணீர், பாசனத்துக்கான நீர்த்தேக்கமா என்று அறிஞர்கள் ரொம்ப நாளாகச் சண்டை போடுகிறார்கள் என்றும் சார் சொன்னார். நெட்டில் 'பழைய துறைமுகம்' என்று தேடி முதலில் வந்த படத்தைப் போட்டிருக்கிறார்கள் போல. பெண் பார்க்க அனுப்பிய போட்டோவில் அக்காள் படத்தை வைத்த கதை. இதில் ஒரு வேடிக்கை, அதே ராவ்தான் பின்னாளில் கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் சார்பில் பூம்புகார்க் கடலுக்குள்ளும் தேடியவர். ஆக போட்டோவுக்கும் ஊருக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அப்புறம் தோள் பையிலிருந்து லேமினேஷன் செய்த நாலைந்து தாள்களை எடுத்தார். பழைய அகழாய்வுப் படங்களைப் பார்த்துக் கையால் வரைந்தவை. 1962-63ல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது செங்கல் கட்டுமானமும் அதை ஒட்டி நட்டிருந்த மரக் கம்பங்களும் வந்தன. சுற்றியுள்ள மண்ணைப் பார்த்தால் ஆற்று மணல், அதாவது காவிரியின் கிளை ஒன்று இந்த வழியாக ஓடியிருக்கிறது. இன்றைக்கு நாம் நிற்கிற இடம் மேடு, அன்றைக்குத் தண்ணீர். வீட்டுச் சுவராக இருந்தால் ஆற்று மணலுக்குள் கம்பம் நட வேண்டிய அவசியம் என்ன? படகைக் கட்டத்தான். இப்படித்தான் இது துறை என்று முடிவுக்கு வந்தார்களாம். இதைச் சொல்லிவிட்டுப் பட்டினப்பாலையில் வருகிற ஒரு காட்சியைச் சொன்னார். உப்பை விற்று நெல்லை ஏற்றிக்கொண்டு வந்த படகுகளை, லாயத்தில் குதிரையைக் கட்டுகிற மாதிரி வரிசையாகத் தறியில், அதாவது கட்டுக்கம்பத்தில், கட்டிவைத்திருக்கிறார்கள் என்று அந்தப் புலவர் இதே ஊரைப் பற்றித்தான் பாடுகிறார். தறி, கம்பம், படகு. புல் மண்டிய அந்த இடத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்டபோது கண்முன்னே படகுகள் ஆடுவது போல இருந்தது, நிஜமாகவே.

அந்த மரம் எப்படி மக்காமல் இருந்தது என்று ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி. சாருக்கு முந்தி அப்பத்தா பதில் சொல்லிவிட்டார்: "தண்ணிக்குள்ளயே கெடந்த மரம் உளுக்காதுல்ல. நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சாத்தான் போகும்." அதேதான், ஈரச் சேற்றுக்குள் காற்று புகாது, காற்று இல்லாவிட்டால் மரத்தை அரிக்கிற பூஞ்சைக்கு வேலை இல்லை என்று சார் விளக்கினார்.

அந்தக் கம்பத்தைக் கார்பன் 14 முறையில் (மரத்தில் மிச்சமிருக்கும் ஒரு வகைக் கார்பனை அளந்து வயது சொல்வது) சோதித்துத்தான் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று சொன்னார்கள். அசோகர் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னே பின்னே நூறு வருஷம் இருக்கலாம், சோதனையிலேயே அந்த இடைவெளி உண்டு. நோட்டீஸில் 2,300 என்று அடித்துப் போட்டதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொன்றும் சொன்னார்: அந்தச் சோதனை காட்டுவது மரம் உயிரோடு இருந்த காலத்தை, துறை கட்டிய வருஷத்தை இல்லை. இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள், இடித்த வீட்டுத் தூண், நிலை, கதவு எல்லாம் விற்பனைக்கு நிற்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் பர்மாவில் வெட்டிய தேக்குத் தூணைப் போன வருஷம் கட்டிய ஹோட்டலில் நட்டுவைத்திருப்பார்கள். ஈராயிரம் வருஷம் கழித்து ஒருவன் அந்தத் தூணைச் சோதித்தால் ஹோட்டலுக்கே நூற்றுச் சொச்சம் வயது கூட்டிச் சொல்வான். இதை நான் சொன்னதும் சார் என் தோளில் தட்டி, இனிமேல் எல்லா டூரிலும் இந்த உதாரணத்தைச் சொல்லப் போகிறேன் என்றார். இனி யாராவது இந்த டூரில் போய் இதைக் கேட்டால் அது நம் சரக்கு.

அப்பத்தாவுக்கு ஒரு சந்தேகம் விடவேயில்லை. இவ்வளவு சின்ன இடத்தில் எப்படிக் கப்பல் நிற்கும்? அவர் கேட்டதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. எங்கள் ஐயா, அதாவது அப்பத்தாவின் வீட்டுக்காரர், பினாங்குக்குக் கொண்டுவிற்கப் போனவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறினார், வழியனுப்ப அப்பத்தாவும் போயிருந்தார். கப்பல் கரைக்கு வராது, தள்ளிக் கடலிலேயே நிற்கும், கரையிலிருந்து படகில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவார்கள். ஐயாவின் வேட்டி நனைந்ததும், பெட்டி தண்ணீரில் விழப் பார்த்ததும், இவர் கரையில் நின்று அழுததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அதை அங்கே நின்று சாரிடம் முழுக்கச் சொல்லிவிட்டு, "இங்கயும் அப்படித்தானே? கப்பல் வெளிய, படகு உள்ள?" என்றார்.

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆச்சி, நீங்க சொல்றது நியாயம்தான், ஆனா புறநானூறு வேற சொல்லுது" என்று ஆரம்பித்தார். சோழன் நலங்கிள்ளியைப் பாடிய முப்பதாவது பாட்டில், பெரிய கலங்கள் பாயையும் இறக்காமல் பாரத்தையும் குறைக்காமல் புகாருக்குள் நேராக நுழைந்ததாக வருகிறது. அவ்வளவு ஆழம் என்று ஊரைப் பெருமையாகச் சொல்வது அது. அப்படியென்றால் பெரிய கப்பலும் ஆற்று முகத்துக்குள் வந்திருக்கிறது. நாம் பார்க்கிற கீழையூர்ச் செங்கல் அந்தப் பெரிய துறை இல்லை, கிளை ஆற்றில் சின்னப் படகுகளுக்கு உண்டான துறையாக இருக்கும், பெரியது நின்ற இடத்தை ஆறு மூடியிருக்கும் இல்லாவிட்டால் கடல் தின்றிருக்கும் என்பது அவருடைய யூகம். யூகம் என்றே சொன்னார், அது பிடித்தது. புலவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார் என்பது அப்பத்தாவின் தீர்ப்பு.

அந்த நேரம் பார்த்து டிரைவர் ஹாரன் அடித்தார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விகாரை பார்க்கலாம், செங்கல் அடித்தளம் நன்றாகத் தெரிகிறது, இங்கே புத்தர் பாதம் பொறித்த கல் கிடைத்தது, வணிகர் இருந்த ஊரில் பௌத்தமும் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பல்லவனேசுவரம் கோயில் பக்கத்திலேயே, பட்டினத்தாரைக் கும்பிட நம் ஆட்கள் போகிற இடம், ஐந்து நிமிஷம் கேட்டேன், கொடுத்தார்கள். கடலடி அருங்காட்சியகம் சின்னது. அங்கே ஒருவர் கடலுக்குள் 23 மீட்டர் ஆழத்தில் லாடம் போன்ற வடிவில் கிடக்கிற கட்டுமானத்தைப் பற்றி, அது பதினோராயிரம் வருஷப் பழசு, யூடியூபில் பார்த்தேன் என்று ஆரம்பித்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடலாய்வு நிறுவனத்துக்காரர்கள் கண்டதுதான் அது. அந்த வயது, கடல் மட்டம் அந்தக் காலத்தில் எங்கே இருந்தது என்ற கணக்கிலிருந்து சிலர் சொல்வது, தொல்லியல் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டது இல்லை என்று சார் மரியாதையாக முடித்துவைத்தார். செட்டிநாட்டு வீடுகளில் தரையை உயர்த்திக் கட்டுவதே பூம்புகாரைக் கடல் கொண்ட பயத்தால்தான் என்று வேன் முதலாளி மைக்கில் சொன்னதை மட்டும் அவர் திருத்தவில்லை, சம்பளம் கொடுக்கிறவர் பாருங்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மழைத் தண்ணீர் முற்றத்தில் விழுகிற வீட்டுக்குத் தரை உயரம் வேண்டும், தவிர உயரத்தில் உட்கார்ந்து பேசுவது நமக்குப் பிடிக்கும்.

துறைமுக அகழாய்வில் ஆர்வம் வந்துவிட்டவர்களுக்கு சார் இன்னும் இரண்டு இடம் சொன்னார். ஒன்று கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துப் பட்டணம், முசிறி என்று பலர் கருதுவது. 2007லிருந்து கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் தோண்டியதில் செங்கல் படகுத்துறை, படகு கட்டும் மரக்கட்டைகள், சுமார் ஆறு மீட்டர் நீள ஓடம் ஒன்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. கீழையூரில் நாம் மனசுக்குள் கட்டிப் பார்த்ததை அங்கே மண்ணே காட்டியிருக்கிறது. இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே, 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம். செட்டிநாட்டு வீடு மாதிரியே முற்றமும் தூணுமாகக் கட்டியிருக்கிறார்கள், கடல் வணிகத்துக்கென்று ஒரு பகுதியும் உண்டு. பூம்புகாருக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் இன்னும் புரிந்திருக்கும் என்று தோன்றியது. டூர்க்காரர்கள் இதை யோசிக்கலாம்.

மதிப்பெண் போடச் சொன்னால் விளக்கம் சொன்ன சாருக்கு ஐந்துக்கு ஐந்து, சாப்பாட்டுக்கு நாலு, வேனுக்கு மூன்று, நேரத் திட்டத்துக்கு ஒன்று, நோட்டீஸுக்குப் பூஜ்யம். போகலாமா என்றால் போகலாம், ஆனால் ஏறுவதற்கு முன்னால் கீழையூருக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டு, ஒரு மணி நேரமாவது வாங்கிக்கொண்டு ஏறுங்கள். வானகிரி உண்டா இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். திருமயம் ரோட்டில் வீடு இருந்தால் காரைக்குடிக்குப் போகவே போகாதீர்கள், தெரு முனையில் நில்லுங்கள்.

குறைகளைப் போனில் சொன்னபோது முதலாளி மன்னிப்புக் கேட்டார், போட்டோவை மாற்றிவிட்டேன் என்றார். மாற்றியிருந்தார், இப்போது கலைக்கூடம் படம் இருக்கிறது. அடுத்த மாதம் வைகை முகத்தில் உள்ள அழகன்குளத்துக்கு வேன் விடுகிறார்களாம், பானை ஓட்டில் கப்பல் படம் கீறியிருந்தது கிடைத்த ஊர், காரைக்குடியிலிருந்து பாதித் தூரம்தான். அப்பத்தாவிடம் சொன்னேன். "ரெண்டு சீட்டு போடச் சொல்லு. அங்க சோழிக் கடை இருக்கான்னு மட்டும் கேட்டுக்க, இருந்தா நான் வரல."